காரி பாவ்லியில் தொடங்கலாம்: வேதிப்பெயர்களின் பழைய வேர்களைத் தேட ஒரு வழிகாட்டி

டெல்லியில் பதினோராம் வகுப்பில் அறிவியல் எடுத்த தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு நான் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கைப் போட்டுவிடுவார்கள், சமன்பாட்டையும் எழுதிவிடுவார்கள். பெயர்கள் வரும்போதுதான் திணறல். பியூட்டேன், பென்சீன், அனிலின், பிப்பரிடின் என்று வரிசை கட்டி வந்தால் எல்லாம் வெறும் ஒலியாகத் தெரிகிறது. உருப்போடுவதைத் தவிர வழியில்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

வழி இருக்கிறது. இந்தப் பெயர்களில் பலவும் ஆய்வகத்தில் பிறந்தவை அல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் பெயர் வைக்க உட்கார்ந்தபோது, சந்தையில் அதுவரை புழங்கிவந்த சரக்கின் பெயரை எடுத்து அதற்கு ஒரு வால் ஒட்டினார்கள். அந்தச் சரக்குகள் இன்றும் நாட்டு மருந்துக் கடையில் தாளில் மடித்துக் கொடுக்கப்படுகின்றன. டெல்லித் தமிழருக்கு இதில் தனி வசதி உண்டு. கடைக்காரர் சொல்லும் இந்திப் பெயர் காதில் விழுகிறது; ஊரில் இருக்கும் பாட்டியைப் போனில் கேட்டால் தமிழ்ப் பெயர் கிடைக்கிறது. இந்த இரண்டும் கையில் இருந்தால் பாடப்புத்தகப் பெயரின் வேரை எட்டிப் பிடிப்பது சுலபம்.

முதலில் ஒரு மாத்திரை அட்டை

வீட்டில் கட்டாயம் இருக்கும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழு வடிவம் பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால். அதிலிருந்து சில எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் அட்டையில் இருக்கும் பெயர். முழு வடிவத்தை ஒரு தாளில் துண்டு துண்டாக எழுதிப் பாருங்கள்.

பாரா கிரேக்கச் சொல். 'பக்கத்தில், அப்பால்' என்று பொருள். பென்சீன் வளையத்தில் எந்த இடம் என்பதைக் குறிக்க இங்கே பயன்படுகிறது. அசிட் என்பது லத்தீன் அசெட்டம், அதாவது காடி, வினிகர். ஃபீனாலின் முன்பாதி 'ஒளிர்தல்' என்ற பொருள் தரும் கிரேக்க வேர். அந்தக் காலத்துத் தெருவிளக்குகளுக்கு எரிவாயு தயாரித்தபோது மிஞ்சிய பொருள்களில் பென்சீன் இருந்ததால் பிரெஞ்சு வேதியியலாளர் லோரான் அதற்கு 'ஃபீன்' என்று பெயர் வைக்கப் பார்த்தார். பென்சீனுக்கு அந்தப் பெயர் நிலைக்கவில்லை, ஃபீனாலில் நிலைத்துவிட்டது. கடைசியில் வரும் 'ஆல்' ஆல்கஹாலின் வால், அது அரபு. நடுவில் இருக்கும் அமினோ அம்மோனியாவிலிருந்து வந்தது. அம்மோனியா எங்கிருந்து வந்தது என்றால் எகிப்தியத் தெய்வமான அமுனிடமிருந்து.

ஆக ஒரே மாத்திரைக்குள் கிரேக்கம், லத்தீன், அரபு, எகிப்தியம் நான்கும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே செய்து காட்டுங்கள். அடுத்த பெயரைப் பிரிக்க அவர்களே கேட்பார்கள்.

வால்களைத் தனியே பிரித்து வையுங்கள்

வால்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒருமுறை கற்றால் போதும். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் ஆகியவற்றில் வால் மட்டும் மாறுவதற்குக் காரணம் ஜெர்மன் வேதியியலாளர் ஹாஃப்மன். 1866-இல் அவர் a, e, i, o, u என்ற ஐரோப்பிய உயிரெழுத்து வரிசையையே வாலாக வைத்துக் கொள்ளலாம் என்று சொன்னார். '-ஐல்' என்ற வால் கிரேக்க 'ஹூலே'. மரம், மூலப்பொருள் என்று பொருள். '-ஆல்' வந்தால் ஆல்கஹால் வகை. இவ்வளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

கார்பன் எண்ணிக்கையைச் சொல்லும் எண்பெயர்களுக்கு நாம் மெனக்கெடவே வேண்டாம். கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே குடும்பம். பென்டேன் என்றால் பஞ்சாமிர்தத்தின் பஞ்ச, ஹெக்சேனுக்கு சஷ்டி விரதம், ஹெப்டேனுக்கு சப்தஸ்வரம், ஆக்டேனுக்கு அஷ்டலட்சுமி, டெக்கேனுக்கு தசாவதாரம். சும்மா ஒலி ஒற்றுமை அல்ல, உண்மையிலேயே உடன்பிறந்த சொற்கள். பாஞ்ச், சாத், ஆட், தஸ் என்று ஆட்டோக்காரரிடம் தினமும் பேரம் பேசும் பிள்ளைக்கு இது எப்படி மறக்கும்?

முதல் நான்கு பெயர்கள் மட்டும் எண்ணில் சேராது: மெத், ஈத், புரோப், பியூட். கார்பனை எண்ணிப் பெயரிடும் முறை 1892-இல் ஜெனீவா மாநாட்டில் ஒழுங்கானபோது இந்த நான்கும் ஏற்கெனவே ஊரறிந்த பெயர்களாகிவிட்டன, அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த நான்கையும் பிறகு சமையலறையில் பார்க்கலாம்.

காரி பாவ்லிக்கு ஒரு காலைப் பயணம்

மெட்ரோவில் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கி ஃபதேபுரி மசூதிப் பக்கம் நடங்கள். மசூதியைத் தாண்டியதும் காரி பாவ்லி, மசாலாவும் மருந்துச் சரக்கும் விற்கும் தெரு. மிளகாய் நெடி மூக்கில் ஏறும், கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கடைகள் மூடியிருக்கும். கூட்டம் சேர்வதற்கு முன் காலையில் போவது நல்லது. மொத்த வியாபாரத் தெருதான் என்றாலும் கொஞ்சமாகக் கேட்டாலும் கொடுக்கும் கடைகள் உண்டு. ரசாயனங்களும் வாசனைப் பொருள்களும் விற்கும் திலக் பஜார் அங்கேயே ஒட்டி இருக்கிறது. சரக்குக்கும் ரசாயனத்துக்கும் நடுவில் சில நிமிட நடைதான்.

கேட்க வேண்டிய பெயர்கள்: நௌசாதர், சுஹாகா, ஃபிட்கரி, லோபான், பிப்பலி, நீல். ஒவ்வொன்றையும் பார்த்து, முகர்ந்து, குறித்துக்கொள்ளுங்கள். வாயில் மட்டும் எதையும் போடாதீர்கள். 'ஹர்த்தால்' என்ற மஞ்சள் கல்லை வாங்கவே வேண்டாம், அது ஆர்சனிக் சல்பைடு. சமஸ்கிருதத்தில் ஹரிதாலம், தமிழில் அரிதாரம். நடிகர்கள் முகத்தில் பூசுவதை இன்றும் அரிதாரம் என்கிறோமே, அந்தச் சொல் இந்த நஞ்சின் மஞ்சள் நிறத்திலிருந்து வந்தது. பாரசீகர்கள் தங்க நிறத்தை வைத்து 'ஸர்னீக்' என்றார்கள். அது சிரியாக் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் 'ஆர்செனிகோன்' ஆனது.

நௌசாதர் என்பது நம் நவச்சாரம், அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்திருந்தால் இதையும் பார்த்திருப்பீர்கள். கரியடுப்பில் பாத்திரத்தைப் பழுக்கச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, துணியால் சுழற்றித் தேய்ப்பார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும், கண்ணும் மூக்கும் எரியும். சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அரித்து எடுக்கிறது, அதனால்தான் ஈயம் ஒட்டுகிறது. பிரிந்த இரண்டும் காற்றில் மறுபடி சேர்வதுதான் அந்த வெள்ளைப் புகை.

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் சீவா என்ற பாலைச்சோலையில் அமுனின் கோயில் இருந்தது. கி.மு. 331-இல் அலெக்சாந்தர் குறி கேட்கப் போன கோயில் அதுதான். அந்த வட்டாரத்து உப்பை 'அம்மோனின் உப்பு' என்றார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர் நவச்சாரத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து கிடைத்த வாயுவுக்கு 1782-இல் சுவீடனின் பெரிமன் அம்மோனியா என்று பெயர் வைத்தார். அம்மோனியம் உர மூட்டையில் தொடங்கி அமினோ அமிலம் வரை எத்தனை இடத்தில் 'அமி', 'அம்மோ' வருகிறதோ அத்தனையிலும் அந்தத் தெய்வத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுஹாகா நம் வெங்காரம், போராக்ஸ். நகை பற்றவைக்கும்போது தட்டார் தொட்டுவைக்கும் வெள்ளைப் பொடி. தரீபா கலான் பக்கம் நகை வேலை செய்கிற இடத்தில் இன்றும் பார்க்கலாம். போராக்ஸ் என்ற பெயர் பாரசீக 'பூரா'விலிருந்து அரபு வழியாகப் போனது. 1812-இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேவி போராக்ஸின் முன்பாதியையும் கார்பனின் பின்பாதியையும் சேர்த்து போரான் என்றார். கேரம் பலகையில் தூவும் பவுடர் போரிக் அமிலம், அதே வேர். ஃபிட்கரியும் நம் படிகாரமும் ஸ்படிகம் என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். படிகாரத்தின் லத்தீன் பெயர் அலுமென், அதிலிருந்து அலுமினியம்.

ஒரு சொல்லைக் கடைசி வரை துரத்துங்கள்

பத்துப் பெயர்களின் வேரை மேலோட்டமாகத் தெரிந்துகொள்வதைவிட ஒன்றை முழுதாகத் துரத்துவது மேல். இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். என்னுடைய தேர்வு லோபான்.

லோபானைத் தமிழில் சாம்பிராணி என்கிறோம். கடைக்காரர் கட்டியை உடைத்துக் காட்டுவார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பருக்கைகள், சுற்றிலும் பழுப்புப் பிசின். கையில் தேய்த்தால் இனிப்பான வாசனை. வெள்ளிக்கிழமை நம் வீட்டிலும், தர்காக்களிலும் எரிவது இந்த வகைப் பிசின்தான். தென்கிழக்காசியாவிலிருந்து வந்த இதை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', ஜாவாவின் சாம்பிராணி என்றார்கள். அவர்கள் ஜாவா என்றது சுமத்திராவையும் சேர்த்துத்தான். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இதைக் கேட்டவர்கள் முதலில் வரும் 'லு'வைத் தங்கள் மொழியின் சுட்டுச்சொல் (ஆங்கிலத்தில் 'the' மாதிரி) என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். மிச்சம் 'பான்ஜாவி'. அது தேய்ந்து பென்ஜாயின், பென்சாயின் ஆனது.

அந்தப் பிசினைச் சூடாக்கினால் வெள்ளை ஊசிகளாகப் படிவது பென்சாயிக் அமிலம். 1833-இல் ஜெர்மனியின் மிட்ஷெர்லிக் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி ஒரு திரவத்தை எடுத்து 'பென்சின்' என்றார். அதே திரவத்தை 1825-இலேயே ஃபாரடே விளக்கு வாயுவின் எச்சத்திலிருந்து எடுத்திருந்தார். ஆனால் நிலைத்தது சாம்பிராணி வழி வந்த பெயர்தான். அது இன்று நம் பாடத்தில் பென்சீன்; அதன் அறுகோண வளையத்தை 1865-இல் கெகுலே முன்வைத்தார்.

இப்போது வீட்டுக்குப் போய் தக்காளி சாஸ் பாட்டிலைத் திருப்புங்கள். பல பாட்டில்களில் சோடியம் பென்சோயேட் அல்லது 211 என்ற எண் இருக்கும். முகப்பரு களிம்பில் பென்சாயில் பெராக்சைடு இருக்கும். எல்லாம் அந்த ஜாவிதான்.

இதற்கு நேரெதிரான கதை நீலத்துக்கு. சமஸ்கிருத நீல, பாரசீகத்தில் நீல், அரபில் 'அல்-நீல்'. பேசும்போது 'அந்நீல்' என்று ஒலிக்கும். போர்த்துகீசியர் அரபுச் சுட்டையும் சேர்த்து விழுங்கி 'அனில்' என்றார்கள். 1840-இல் வேதியியலாளர் ஃபிரிட்ஷே நீலச்சாயத்தைப் பொட்டாஷோடு காய்ச்சி எடுத்த எண்ணெய்க்கு அனிலின் என்று பெயர் வைத்தார். அதாவது லோபானில் சுட்டு இல்லாத இடத்தில் இருப்பதாக நினைத்து வெட்டினார்கள், நீலத்தில் இருந்த அரபுச் சுட்டை வெட்டாமல் விட்டார்கள். ஆல்கலியிலும் ஆல்கஹாலிலும் இருக்கும் 'அல்' கூட அப்படி விடுபட்டதுதான். ஆல்கலி என்பது 'அல்-கலி', உவர்ச்செடியின் சாம்பல். ஆல்கஹால் என்பது 'அல்-குஹ்ல்', கண்மை. நுண்ணிய பொடிக்கான சொல் 'சாரம்' என்ற பொருளுக்கு நகர்ந்து கடைசியில் மதுவின் சாரத்தில் வந்து நின்றது. ஜாமா மசூதிப் பக்கம் சுர்மா விற்கும் கடைகளில் அந்தப் பொடியின் உறவை இன்றும் பார்க்கலாம். நம் அஞ்சனமும் அதே இனம். ஆனால் சுர்மா பல நேரம் ஈய சல்பைடாகவே இருக்கிறது. குழந்தைக் கண்ணுக்கு வைக்கவே கூடாது, பார்ப்பதோடு சரி.

அடுத்துத் துரத்த வேண்டியது பிப்பலி. இது நமக்கு மிக நெருக்கமானது. திப்பிலி, பிப்பலி, கிரேக்கத்தில் 'பெபெரி', லத்தீனில் 'பிப்பெர்'. திப்பிலியின் பெயர் வழியில் மிளகுக்கு மாறிவிட்டது. 1819-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் மிளகின் காரத்தைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் பிப்பரின். அதை உடைத்தால் பிப்பரிடின் என்ற வளையம் கிடைக்கிறது. அந்தப் பெயரை நீட்டி பிப்பரசின் வந்தது, குடற்புழுவுக்குக் கொடுக்கும் மருந்து. பாட்டி இருமலுக்கு அரிசித் திப்பிலி இடித்துக் கொடுத்த பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் பிப்பரிடின் அந்நியமாகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இஞ்சி இன்னும் ஒரு படி மேலே. நம் இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடச் சொல் பாலியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கத்தில் ஸிங்கிபெரிஸ் ஆனது என்பதை மொழியறிஞர்கள் பரவலாக ஏற்கிறார்கள். இஞ்சி எண்ணெயின் சிஞ்சிபெரீனில் நம் 'வேர்' இருக்கிறது. சர்க்கரை, சாக்கரின் தொடர்பையும் இப்படியே நீங்களே துரத்திப் பாருங்கள். சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டது 1879-இல்.

சமையலறைப் படி

சந்தைக்குப் போக முடியாத வாரங்களுக்கு அடுப்படி போதும். கேஸ் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். பியூட் என்பது வெண்ணெய். ஊசிப்போன வெண்ணெயில் இருக்கும் பியூட்டிரிக் அமிலத்திலிருந்து வந்தது. கிரேக்க 'பூட்டிரோன்' என்றால் பசுவின் பாலாடைக்கட்டி. அதிலுள்ள பசு, நம் கோமாதாவின் 'கோ'வோடு ஒரே வேர். புரோப் என்பது 'முதல் கொழுப்பு'. ஈத் எரிதல். மெத் மது, சமஸ்கிருத மதுவின் உடன்பிறப்பு. மெத்தில் என்றால் 'மரத்தின் மது', மரத்தைக் காய்ச்சி வடித்ததால் அந்தப் பெயர். பெயரில் மது இருந்தாலும் மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் விஷம் என்பதைப் பிள்ளைகளிடம் இங்கேயே சொல்லிவிடுங்கள். கேஸ் கசிந்தால் வரும் நாற்றம் மெர்க்காப்டனுடையது. லத்தீனில் 'பாதரசத்தைப் பிடிப்பது'.

எலுமிச்சையில் சிட்ரிக், தயிரில் லாக்டிக் (லத்தீனில் பால்), எறும்புக் கடியில் ஃபார்மிக் (லத்தீனில் எறும்பு). பூந்தொட்டியில் தானாக முளைக்கும் புளியாரையைக் கிள்ளிப் பாருங்கள். அதன் தாவரப் பெயர் ஆக்சாலிஸ், கிரேக்கத்தில் புளிப்பு. ஆக்சாலிக் அமிலம் அதன் பிள்ளை. துணி அலமாரியின் பாச்சை உருண்டை நாப்தலீன். நாப்தா பாரசீகத்துக்கும் முந்தி அக்காடிய மொழியிலேயே 'நப்து' என்று இருக்கிறது.

ஒலி ஒற்றுமையில் ஏமாறாதீர்கள்

இந்தப் பழக்கம் பிடித்துவிட்டால் எல்லாமே தமிழ், எல்லாமே சமஸ்கிருதம் என்று தோன்ற ஆரம்பிக்கும். இங்கே கறாராக இருக்க வேண்டும். சல்ஃபர் என்பது 'சுல்வாரி', செம்பின் பகைவன் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வழி எங்கே? கிழக்கிலிருந்து லத்தீனுக்குப் போன சரக்குப் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்கத்தைத் தொட்டே போயின. கிரேக்கத்தில் கந்தகம் 'தெயோன்', நாம் தயோ என்று எழுதுவது அதுதான். சுல்வாரிக்கும் சல்ஃபருக்கும் நடுவில் ஒரு படிக்கட்டும் இல்லை.

அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்றைக் கேளுங்கள். அந்தச் சரக்கு உண்மையிலேயே அந்த வழியில் வியாபாரம் ஆனதா? இடைப்பட்ட மொழிகளில் வடிவம் கிடைக்கிறதா? கடைசிப் பெயரை வைத்தவர் யார், எந்த ஆண்டு? மூன்றும் பொருந்தினால் நோட்டில் ஏற்றுங்கள். தமிழ்ப் பெயரைச் சரிபார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பெயர் ஒத்துப்போவதும் பெயர் கடன் போவதும் வேறு என்பதற்கு ஈயம் நல்ல பாடம். நாம் காரீயம், வெள்ளீயம் என்கிறோம். ரோமானியர்கள் இதே இரண்டு உலோகங்களைக் கறுப்புப் பிளம்பம், வெள்ளைப் பிளம்பம் என்றார்கள். யாரும் யாரிடமும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இரண்டு ஊரிலும் கண் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறது.

நோட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வேதிப்பெயர், அதன் கீழே தமிழ்ச் சரக்குப் பெயர், இந்திப் பெயர், வழியில் எடுத்த வடிவங்கள், பெயரிட்டவரும் ஆண்டும். பக்கத்தில் மூலக்கூறு வாய்பாடு கட்டாயம் இருக்கட்டும், தேர்வுக்கு அதுதான் வேண்டும். பதினோராம் வகுப்பில் ஹைட்ரோகார்பன் பாடம் வருவதற்கு முன் பென்சீனையும் பியூட்டேனையும் முடித்துவிடுங்கள். பன்னிரண்டில் அமீன்கள் பாடத்துக்கு முன் அம்மோனியாவும் அனிலினும் முடிந்திருக்க வேண்டும். சாக்கரைடுகள் வரும்போது சர்க்கரை பக்கம் தயாராக இருக்கட்டும்.